தில்லை: காண்க சிதம்பரம்



சென்ற மாதம் கிள்ளையிலிருந்து ஒரு வாசகியின் கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில் நான்கு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை படித்தவர். வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, கைக்குழந்தை வேறு. வெளியூர் வேலைக்குப் போக வழியில்லை. நூலகத்தில் எடுத்த ஓர் ஆங்கில வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டியபோது, கடைசியில் இருபது பக்கத்துக்குப் பெயர்களும் எண்களுமாக ஒரு பட்டியலைப் பார்த்திருக்கிறார். அதைச் செய்துகொடுத்தவருக்கு நூலாசிரியர் முன்னுரையில் தனியாக நன்றி சொல்லியிருக்கிறார்.

“இதற்கென்று ஆள் வைத்துக் கூலி கொடுப்பார்களா ஐயா? கொடுப்பார்கள் என்றால் வீட்டிலிருந்தபடி என்னால் செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது?”

முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில்: ஆம். மூன்றாவதுதான் என்னை இந்தப் பக்கம் முழுக்க எழுத வைத்துவிட்டது.

அந்தப் பட்டியலுக்குத் தமிழில் அடைவு என்று பெயர். சொல்லடைவு, பெயரடைவு, பொருளடைவு என்று வகை உண்டு. அச்சகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “இண்டெக்ஸ் போட்டாச்சா?” என்றுதான் கேட்பார்கள், அதுவும் அபூர்வமாக. நம்மிடம் வெளியாகும் கட்டுரை நூல்கள், ஊர் வரலாறுகள், வாழ்க்கை வரலாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் பொருளடக்கம் இருக்கும், பின்னால் விலைப்பட்டியல் இருக்கும், அடைவு இருக்காது. நானூறு பக்கப் புத்தகத்தில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த ஆண்டைத் தேடுகிறவர் நானூறு பக்கத்தையும் புரட்ட வேண்டியதுதான்.

இதில் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றின் வரலாற்றை எழுதினார். அடைவு போட்டுத் தருகிறேன் என்று நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு துண்டாக வெட்டி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் ஒவ்வொரு பெயராக எழுதிப் பக்க எண் குறித்து, செருப்புப் பெட்டியில் அகர வரிசையில் அடுக்கினேன். இரண்டு மாத வேலை. எல்லாம் அச்சகத்துக்குப் போனது. கடைசி நேரத்தில், வயதானவர்கள் படிக்கச் சிரமப்படுவார்களே என்று நண்பர் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். நல்ல எண்ணம்தான். 212 பக்கம் 240 ஆனது. என் எண்கள் மட்டும் 212-இலேயே நின்றுவிட்டன. புத்தகம் வந்து ஒரு வாரத்தில் ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டார்: “கொள்ளிடம் வெள்ளம் என்று தேடிப் போனேன், தேரோட்டம் நடக்கிறது.”

ஆகவே கிள்ளை வாசகிக்கு முதல் பாடம் என் செலவில்: பக்கங்கள் இறுதியாகி, இனி ஒரு வரிகூட நகராது என்று அச்சகம் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எண்களைக் குறிக்க வேண்டும். பெயர்களையும் தலைப்புகளையும் முன்னாலேயே யோசித்து வைக்கலாம். எண் கடைசியில்தான்.

இந்தத் தொழில் எங்கோ லண்டனில் பிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நம் மண்ணுக்கும் இதற்கும் உள்ள உறவு ஆச்சரியமானது. சொற்களை அகர வரிசையில் அடுக்கித் தமிழில் முதலில் செய்யப்பட்ட நூல் 1594-இல் எழுந்த அகராதி நிகண்டு. செய்தவர் பெயர் சிதம்பர ரேவண சித்தர். அதுவரை நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி தொகுதியாக, செய்யுளாக இருந்தன. முழுவதையும் மனப்பாடம் செய்தவருக்குத்தான் அவை பயன்படும். இவர் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு வரிசைப்படுத்தினார். முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டார் என்றாலும், மனப்பாடம் இல்லாதவரும் தேடி எடுக்கலாம் என்ற வழி அதில்தான் திறந்தது.

பிறகு உ.வே. சாமிநாதையர். 1887-இல் சீவக சிந்தாமணி, 1894-இல் புறநானூறு என்று அவர் பதிப்பித்த நூல்களைத் திறந்து பாருங்கள். பாட்டு முதற்குறிப்பு அகராதி, அரும்பத அகராதி, மேற்கோள் அகராதி என்று பின்னிணைப்புகள் நீளும். பாட்டின் முதல் சொல் மட்டும் ஞாபகம் இருப்பவர், ஓர் அரிய சொல்லைத் தேடி வருபவர், உரையில் வரும் மேற்கோள் எந்த நூலிலிருந்து என்று கேட்பவர் எல்லோருக்கும் தனித்தனிக் கதவு வைத்திருந்தார். 1924 முதல் 1927 வரை அவர் சிதம்பரத்தில், மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். கீழ வீதியில் நடக்கும்போது இதை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆனால் இந்தக் கதையின் பெரிய மனிதர் கொள்ளிடத்துக்குத் தெற்கே இருக்கிறார். சிதம்பரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் சீர்காழி. 1892-இல் அங்கே பிறந்த கணித ஆசிரியர் சீ. இரா. அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். வேலையில் சேர்ந்த சில நாளிலேயே ஆள் வராத அந்த அறையில் உட்கார முடியாமல், பழைய ஆசிரியர் வேலையே போதும் என்று கேட்டிருக்கிறார். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்தவர் அந்தத் துறையையே மாற்றினார். 1931-இல் வெளியான நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அடைவு போடுகிறவருக்கு வேறு விதியே தேவையில்லை.

அவர் உண்டாக்கிய சங்கிலி முறை அடைவைக் கொஞ்சம் விளக்க ஆசை. ஒரு புத்தகம் பிச்சாவரத்து அலையாத்தி மரங்களைப் பற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வகைப்பாட்டில் அது அறிவியல், அதற்குள் தாவரவியல், அதற்குள் காடு, அதற்குள் அலையாத்தி என்று படிப்படியாக இறங்கும். அரங்கநாதன் அந்தச் சங்கிலியைக் கடைசிக் கண்ணியிலிருந்து தலைகீழாகப் படிக்கச் சொன்னார். அலையாத்தி: காடு: தாவரவியல் என்று ஒரு பதிவு. காடு: தாவரவியல் என்று இன்னொன்று. தாவரவியல் என்று மற்றொன்று. வாசகர் எந்தக் கண்ணியைப் பிடித்தாலும் சங்கிலி கைக்கு வந்துவிடும். எந்தத் தலைப்பைப் போடுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு முறையும் தலையைச் சொறிய வேண்டியதில்லை. 1950-இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூல்விவரப் பட்டியல் சுமார் இருபது ஆண்டுகள் இந்த முறையில்தான் தன் அடைவைத் தயாரித்தது. சீர்காழிக்காரர் சொன்னபடி லண்டனில் அடுக்கினார்கள். இங்கே நாம் இன்னும் விலைப்பட்டியலோடு நிற்கிறோம்.

சரி, வாசகிக்குப் பதில் எழுத வேண்டுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிச்சாவரம் போனேன். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். இந்தக் காட்டைப் பற்றி ஒரு புத்தகம் இருந்து, அதற்கு நான் அடைவு போடுவதாக வைத்துக்கொண்டால் என்னென்ன தலைப்பு வரும் என்று எழுதிப் பார்ப்பது திட்டம். துடுப்புப் படகு கிளை வாய்க்காலுக்குள் நுழைந்ததும் படகோட்டி அண்ணன் ஆரம்பித்தார்.

“இது சுரபுன்னை சார். வேரைப் பாருங்க, எப்படிக் கால் ஊனி நிக்குது.”

எழுதிக்கொண்டேன்.

“அது தில்லை. கிளையை ஒடிச்சிடாதீங்க. பால் கண்ணுல பட்டா கண்ணு போயிடும்.”

அதையும் எழுதினேன். முதல் பத்து நிமிடத்திலேயே சிக்கிக்கொண்டேன். தில்லை என்பது மரம். அந்த மரம் நிறைந்த காடாக இருந்ததால் ஊருக்கும் அதே பெயர். கோயிலுக்குத் தல மரமும் அதுவே. தில்லைக் காளி இருக்கிறாள், தில்லைவாழ் அந்தணர் இருக்கிறார்கள். கணிப்பொறியில் தில்லை என்று தேடினால் இவர்கள் எல்லோரும் ஒரே படகில் ஏறி வருவார்கள். அடைவு அவர்களைப் பிரித்து உட்கார வைக்க வேண்டும்:

தில்லை (ஊர்): காண்க சிதம்பரம்
தில்லை (மரம்): தல மரமாக; பாலின் நச்சுத்தன்மை; பிச்சாவரத்தில்
தில்லைக் காளி
தில்லைவாழ் அந்தணர்

இதில் புதியவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று உண்டு. தில்லை, காண்க சிதம்பரம் என்று போட்டுவிட்டு, சில நாள் கழித்து மறந்துபோய், சிதம்பரம், காண்க தில்லை என்றும் போட்டுவிடுவார்கள். வாசகர் இரண்டுக்கும் நடுவே பிரகாரம் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சுரபுன்னை இன்னும் மோசம். படகோட்டிகளும் சுற்றுலா வருகிறவர்களும் இந்தக் காட்டையே சுரபுன்னைக் காடு என்கிறார்கள். பழைய உரைகளிலோ சுரபுன்னை என்றால் வழை, மலையில் வளரும் மரம். சங்கப் பாட்டு படித்தவர் ஒரு மரத்தைத் தேடி வருவார், கிள்ளைக்காரர் வேறொரு மரத்தைத் தேடி வருவார். அலையாத்தி மரத்துக்கு வழங்கும் கண்டல் என்ற சொல்லுக்குத் தாழை என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. தாவரவியல்காரர் இவர்கள் யாரையும் கேட்காமல் ரைசோபோரா என்பார். அந்தப் பேரினத்தில் இங்கே கண்டறியப்பட்ட ஒரு கலப்பு மரத்துக்கு நம் பல்கலைக்கழகத்தின் பெயராலேயே ரைசோபோரா அண்ணாமலையானா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும், சுரபுன்னையிலிருந்து அதற்கு ஒரு ‘மேலும் காண்க’வும் போட வேண்டும்.

வெள்ளாற்று முகத்துவாரத்துப் பக்கம் கை காட்டினார் அண்ணன். பரங்கிப்பேட்டை. ஆங்கிலேயர் ஆவணங்களில் போர்ட்டோ நோவோ, பழைய முகமதியர் வழக்கில் மகமூது பந்தர். 1781-இல் ஐதர் அலியும் அயர் கூட்டும் மோதிய போரைத் தேடுபவர் போர்ட்டோ நோவோ என்றுதான் தேடுவார். அங்கே நடக்கும் கடல்வாழ் உயிரியல் ஆய்வைத் தேடுபவர் பரங்கிப்பேட்டை என்று தேடுவார். ஊர் ஒன்று, கதவு மூன்று.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த சொல் கோயில். சைவ நூலில் வெறுமனே கோயில் என்று வந்தால் அது சிதம்பரம். வைணவ நூலில் அதே சொல் திருவரங்கம். ஊரின் பெயர் பக்கத்தில் எங்குமே அச்சாகி இருக்காது. எழுத்தைத் தேடும் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் கிடைக்காது. படித்துப் புரிந்துகொள்கிற ஆளுக்குத்தான் கிடைக்கும். வாசகியே, நீங்கள் படித்த தமிழுக்குக் கூலி கிடைக்கும் இடம் இதுதான்.

இப்படிப் பெயர்களைப் பொறுமையாக அடுக்குவதால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒன்று. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, நம் எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு ஓர் அடைவு செய்தார்கள். 1978-இல் மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. பார்க்க வெறும் பெயர்ப் பட்டியல். மூவேந்தவேளான் என்ற பட்டம் எந்த அரசன் காலத்தில் எத்தனை பேருக்கு இருந்தது, எந்தப் பகுதியில் இருந்தது என்று எண்ணிப் பார்க்க முடிந்தது அதனால்தான். நிலம் யார் கையில் இருந்தது, அதிகாரம் யாரிடம் போனது என்பது பற்றிய பல முடிவுகள் அந்தப் பட்டியலிலிருந்து எழுந்தன.

இனி நேரடியாக வேலைக்கு வருவோம். வருமானம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தமிழ்ப் பதிப்பாளர்கள் அடைவுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குவது மிகவும் குறைவு. ஆங்கிலக் கல்விப்புல நூல்களில்தான் இது ஒழுங்கான தொழில். பெரும்பாலும் செலவு நூலாசிரியருடையது, பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் வெளியிடும் எத்தனையோ புத்தகங்களின் உரிமைப் பக்கத்தில் அச்சுக்கோப்பு சென்னை என்றோ புதுச்சேரி என்றோ இருப்பதைப் பார்க்கலாம். அவ்வளவு பெரிய புத்தக வேலை நம் கடற்கரையில்தான் நடக்கிறது. புதுச்சேரி இங்கிருந்து பேருந்தில் போய்விட்டு அன்றே திரும்பும் தூரம். இணையம் இருந்தால் அந்தத் தூரமும் இல்லை.

முதலில் யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். உங்களுக்குப் பிடித்த, நன்றாகத் தெரிந்த, அடைவு இல்லாத ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காமலேயே அதற்கு ஒன்று செய்யுங்கள். ஒருமுறை முழுக்கப் படியுங்கள், குறிப்பு எடுக்காமல். இரண்டாம் முறை பக்கம் பக்கமாகப் போங்கள். ஒரு பக்கத்தில் எல்லாப் பெயரையும் வாரிக்கொள்ளத் தோன்றும். கூடாது. வாசகர் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தால் அவருக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேளுங்கள். போகிற போக்கில் சொன்ன பெயரைத் தேடி வந்து ஏமாறுகிறவர் உங்களைத்தான் திட்டுவார். ஒரு தலைப்புக்கு நேரே ஏழெட்டு எண்கள் சேர்ந்துவிட்டால் உள்தலைப்புகளாகப் பிரியுங்கள். ‘கொள்ளிடம், 14, 22, 37, 58, 90, 113, 167’ என்று போடுவது உதவி செய்வது மாதிரி நடிப்பது.

முடித்ததை அந்த நூலாசிரியருக்கே அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் சேர்ப்பார், இல்லாவிட்டாலும் நன்றியோடு நான்கு பேரிடம் சொல்வார். மாதிரிக்குக் காட்ட உங்களிடம் ஒன்று இருக்கும். பிரிட்டனில் 1957-இல் தொடங்கிய அடைவாளர் சங்கமும் அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய சங்கமும் இந்தத் தொழிலுக்கான முறைகளை வகுத்து வைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் சங்கம் தொலைவிலிருந்தே பயிற்சியும் தருகிறது. ஆங்கில வேலைக்குப் போக நினைப்பவர்கள் அதைப் பார்க்கலாம். சிண்டெக்ஸ், மேக்ரெக்ஸ், ஸ்கை இண்டெக்ஸ் என்று இதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. தொடக்கத்திலேயே காசைக் கொட்ட வேண்டாம். முதல் இரண்டு புத்தகத்துக்குச் செருப்புப் பெட்டி போதும்.

கணிப்பொறியில் தமிழை வரிசைப்படுத்தும்போது மட்டும் கவனம். யூனிகோடில் நம் எழுத்துகளுக்கு எண் கொடுத்தவர்கள் நெடுங்கணக்கு வரிசையில் கொடுக்கவில்லை. ன ந-வுக்குப் பக்கத்திலும், ற ர-வுக்குப் பக்கத்திலும், ள ழ-வுக்கு முன்னாலும் போய் உட்கார்ந்திருக்கின்றன. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் நிற்கிறது. அந்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளிடம் கிழக்கு, கிள்ளை, கிளிஞ்சல் என்ற மூன்று சொல்லைக் கொடுத்தேன். கிளிஞ்சல், கிள்ளை, கிழக்கு என்று அச்சாகத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் சொன்ன அகர வரிசையே சரி. தமிழ் வரிசை அறிந்த மென்பொருளா என்று இந்த மூன்று சொல்லை வைத்தே சோதித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே செய்துவிடாதா என்று என் மகன் கேட்டான். டென்னிஸ் டங்கன் 2021-இல் அடைவின் வரலாற்றையே ஒரு புத்தகமாக எழுதினார். அதன் கடைசியில் இயந்திரம் தயாரித்த அடைவின் ஒரு துண்டையும், பவுலா கிளார்க் பெய்ன் என்ற தொழில்முறை அடைவாளர் செய்த முழு அடைவையும் அடுத்தடுத்து அச்சிட்டிருக்கிறார். இரண்டையும் படித்துப் பார் என்றேன். இயந்திரங்கள் நாளுக்கு நாள் தேறி வருகின்றன, மறுக்கவில்லை. முதல் பட்டியலை அவை எடுத்துத் தரட்டும். எந்தக் கோயில் எந்த ஊர் என்று சரிபார்க்க ஆள் வேண்டும்.

கிள்ளை வாசகிக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதினேன், கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன். நம் இதழின் இந்த ஆண்டுப் பன்னிரண்டு இதழ்களுக்கும் ஓர் அடைவு, பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணத்தோடு. முதல் ஆறு இதழ்களை முடித்து அனுப்பிவிட்டார். என் தலையங்கங்களில் வெள்ளாறு என்ற பெயர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருப்பதாக ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

உங்களிடமும் கேட்கிறேன். கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தைப் பற்றி உங்கள் வீட்டில் இருக்கும் அடைவில்லாத பழைய புத்தகம் ஒன்றுக்கு நீங்களே ஒரு பெயரடைவு செய்து அனுப்புங்கள். பத்துப் பக்கமானாலும் சரி. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று மேலே மறக்காமல் எழுதுங்கள். நல்லவற்றை வெளியிட்டு, இதழ் கட்டுரைக்குக் கொடுக்கும் அதே சன்மானத்தைக் கொடுப்போம். ஆண்டு அடைவு மார்கழி இதழில் வருகிறது, பக்க எண்கள் இறுதியான பிறகுதான் அச்சுக்குப் போகும்.

அன்புடன்,
ஆசிரியர்